மேலே நடந்தது

அந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்குப் பேசப் போனதில் ஒரு தப்பும் இல்லை. கொஞ்சம் சொதப்பலாகப் பேசிவிட்டு வந்திருந்தால் இந்த வினையே வந்திருக்காது. அவருக்கு முந்தின நாள் ஒரு பேங்க்காரர் பேசினார். பின்வரிசையில் இரண்டு பேர் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டார்கள், யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. அதற்கும் முந்தின நாள் ஒரு நர்சம்மா வந்து, கால் வலிக்கும், தூக்கம் கெடும், ஆனாலும் வரலாம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனார். இவர் வந்தார், கூரை அதிரச் சிரிக்க வைத்தார், கைதட்டல் வாங்கினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏற்பாடு செய்தவர் வழிகாட்டி டீச்சர். பள்ளி முடிக்கப்போகிற பிள்ளைகள் என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று திக்குத்திசை தெரியாமல் நிற்கக்கூடாது என்பதற்காகவே அந்தப் பள்ளியில் அவருக்குச் சம்பளம். வெறும் பேச்சை நம்பாதவர். வேலை செய்கிறவர்களே வந்து சொல்லட்டும் என்று பெற்றோர்களில் தினம் ஒருவரைக் கூப்பிட்டார். அப்படித்தான் கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிற இவருக்கும் அழைப்பு வந்தது.

சைட்டில் இவருக்கு மாடிவீட்டுக்காரர் என்று பேர். எல்லோரும் தரையில் நின்று வேலை பார்க்க, இவர் மட்டும் காலையில் ஏணி ஏறிப்போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். பகலெல்லாம் பேச ஆளில்லாமல் அடைத்துவைத்த பேச்சு வீட்டு வாசலை மிதித்ததும் அவிழ்த்துவிட்ட மாதிரி வரும். கையைக் காலை ஆட்டி, குரலை மாற்றி, ஒரே ஆள் நாலு பேராகப் பேசுவார். அவர் வீட்டில் சாயங்காலச் சாப்பாடு என்றால் தட்டில் பாதி, கதையில் பாதி.

பள்ளியில் அவர் சொன்னது காக்கா கதை. வீட்டில் ஆயிரம் தடவை ஓடிய கதை. மத்தியானம் கூண்டுக்குள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார். உள்ளே அவித்த முட்டை ஒன்று, ஓடு உரிக்காமல். ஜன்னலில் ஒரு காக்கா.

"அது என்னைப் பாக்குது, நான் அதைப் பாக்கறேன். ஏம்பா, ஏணி ஏறி வந்தவன் நான், ஓசில பறந்து வந்தவன் நீ, நியாயமாச் சொல்லு, முட்டை யாருக்குன்னு கேட்டேன். பதில் பேசாம தூக்கிட்டுப் போயிருச்சு. வாக்கி டாக்கில கீழ சொன்னேன். விசிலு, மேல திருட்டு நடந்துபோச்சுடான்னேன். அவன் சொல்றான், மாடிவீட்டுக்காரரே, திருடனை அப்படியே கொக்கில மாட்டி இறக்குங்க, கீழ வெச்சு விசாரிச்சுக்கறோம். டேய், பறந்துட்டான்டான்னேன். அப்ப டப்பாவையாவது இறக்குங்க, கைரேகை எடுப்போம்ங்கறான்."

விசில் என்பவன் கீழே நின்று கொக்கியில் சுமையை மாட்டி, தூக்கு, இறக்கு என்று சைகை சொல்கிறவன். கையில் வாக்கி டாக்கி கொடுத்த பிறகும் பழக்கத்தை விடாமல் விசிலடிப்பான், அதனால் அந்தப் பேர். கதையில் எப்போதும் கடைசி அடி அவனுடையதுதான். பிள்ளைகளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

அன்று சாயங்காலம் மகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, சாதாரணமாக, தண்ணீர் எடுத்துவரட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"அப்பா, நான் பேரு குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"கிரேன் பயிற்சிக்கு. இப்ப பொண்ணுங்களையும் எடுக்கறாங்களாம். என்னோட சேத்து நெறைய பேர் குடுத்திருக்கோம். பேக்கரிக்காரர் மகன்கூட. வெள்ளிக்கிழமை டீச்சர் எல்லாப் பேரையும் அனுப்பிடுவாங்க."

போன வாரம்வரை அவள் மருந்துக்கடைப் படிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவள். மாடிவீட்டுக்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். மூலையில் தையல் மிஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த மனைவி மிதிப்பதை நிறுத்தாமலே சிரித்தாள்.

"புலிக்குப் பொறந்தது வேற என்னத்தைக் கேக்கும். நல்லதுதான். மருந்துக்கடையில நின்னு இருமல் டானிக் எடுத்துக் குடுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

"அதெல்லாம் உனக்குச் சரிப்படாதும்மா," என்றார் மகளிடம். "ஏறவே அரை நாள் உசுரு போயிரும். நடுவுல ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவே?"

"பாட்டில்தான். நீதானே சொன்னே, எஞ்சினியர் மேல வந்து எலுமிச்சை ஜூஸ்னு நெனச்சு மூடியைத் திறந்தாரே."

மனைவி மிஷின்மேல் குனிந்து குலுங்கினாள்.

"காத்தடிச்சா கூண்டே ஆடும்."

"தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருக்கும், தாலாட்டு மட்டும்தான் பாக்கின்னு சொன்னே."

"நாளெல்லாம் தனியா இருக்கணும்மா. ஒரு மனுஷ மூஞ்சி கிடையாது."

"அதனாலதான் வீட்டுக்கு வந்து எங்க காதைத் திங்கறேன்னு அம்மா சொல்வாளே."

எந்தக் கஷ்டத்தைக் கையில் எடுத்தாலும் அதற்கு முன்பே அவரே அதற்குக் கோமாளி வேஷம் போட்டு இந்த வீட்டுக்குள் அனுப்பியிருந்தார். பயந்தேன் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. பயந்ததையெல்லாம் சிரிப்பாகப் பிசைந்து ஊட்டியிருக்கிறார். பிள்ளை அதைத் தின்றுதான் வளர்ந்திருக்கிறது.

"வேண்டாம்னா வேண்டாம், விடு," என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்? நான் பொண்ணுங்கறதாலயா?"

கையில் அகப்பட்ட காரணம் அதுதான். "ஆமா," என்று சொல்லிவிட்டார். சொன்ன நிமிஷமே அது தப்பு என்று தெரிந்தது. மிஷின் நின்றது.

"பொண்ணுன்னா என்ன?" மனைவியின் குரலில் சிரிப்பு போய்விட்டது. "நான் இந்த மிஷின்ல ஒக்காந்து இடுப்பொடிஞ்சப்ப பொம்பளைன்னு தெரியலையா? வெளியில போய் மேடையில நல்லாப் பேசறது, வீட்டுல வந்து இப்படி. உங்ககிட்ட இதை நான் எதிர்பாக்கலை."

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்குக் கதை இல்லை.

மறுநாள் காலையில் அவர் ஏணி ஏறினார். கிரேனின் உடம்புக்குள்ளேயே நட்டக்குத்தலாக ஏணி. ஒரு தட்டு ஏறினால் கொஞ்சம் நின்று மூச்சு வாங்க இடம் உண்டு, பிறகு அடுத்த தட்டு. இரும்பு காலையில் பனிக்கட்டியாகச் சில்லிடும், இறங்கும்போது வெயிலில் பழுத்துக் கையுறையையும் மீறிச் சுடும். மேலே போய் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் இரண்டு பிடியைப் பற்றினால், அப்புறம் உடம்பில் வேலை செய்வது கழுத்தும் விரல்களும்தான். விரல் நுனி அளவு அசைத்தால் வெகு தூரத்தில் கீழே ஒரு லாரிச் சுமை அசையும். சாயங்காலம் குனிந்தே பார்த்த கழுத்து நிமிர மறுக்கும்.

காற்று இருந்தது. காற்றளக்கிற கருவி முணுமுணுக்கிற அளவு, அலறுகிற அளவு இல்லை. சிமெண்ட் கலவை, பலகைகள், மறுபடி கலவை. கீழே சைகை சொல்லப் புதிதாக வந்தவன் வாக்கி டாக்கியில் வேலைக்குத் தேவையான சொல்லைத் தவிர ஒன்றும் பேசமாட்டான்.

மத்தியானம் வேலிக்கு வெளியே பள்ளிச் சீருடைகள் தெரிந்தன. பேர் கொடுத்த பிள்ளைகள், அவர் மகளும் கூட, கிரேனைப் பார்க்க வந்திருந்தார்கள். இங்கிருந்து எல்லோருமே ஒரே அளவு. மேலே பார்த்துக் கை ஆட்டினார்கள். இவர் கை ஆட்டவில்லை. சுமை தொங்கிக்கொண்டிருந்தது.

மகள் விழுந்துவிடுவாள் என்று அவர் பயப்படவில்லை. கூண்டில் இருப்பவர்கள் விழுவது அபூர்வம். சுமைக்குக் கீழே எப்போதும் ஒருவன் நிற்பான் என்பதுதான் அவருடைய பயம். விசில் அப்படி நின்றவன்தான். மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வருஷம், இதே மாதிரி காற்றடித்த ஒரு நாள், கம்பிக் கட்டு ஒன்று, கட்டித் தூக்கிய பெல்ட்டிலிருந்து நழுவி அவன்மேல் விழுந்தது. தூக்கியது இவர் கை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், தட்டின் முன்னால் உட்கார்ந்து, இன்னிக்கு என்ன கதைப்பா என்று ஓட்டைப் பல்லோடு கேட்ட பிள்ளைக்கு, முதன்முதலாகக் காக்கா கதையைச் சொன்னார். விசில் மாமா எப்படி இருக்காரு என்று பிறகு அவள் கேட்டபோதெல்லாம், வேற சைட்டுக்குப் போயிட்டான்மா என்றார். கம்பெனியும் சேதி வெளியே வராமல் பார்த்துக்கொண்டது. அந்த வீட்டில் விசில் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

சாயங்காலம் கை கழுவியதும் கழுவாததுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். வழிகாட்டி டீச்சர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நாளைக்கு எனக்கு இன்னொரு பத்து நிமிஷம் வேணும்."

"ஐயோ சார், ஒருத்தர் ஒரு தடவைதான். நீங்க பேசினதே பத்து பேர் பேசின மாதிரி இருந்துச்சு. போன வருஷம் அந்தப் பயிற்சிக்கு ஒருத்தரும் போகலை தெரியுமா? இந்த வருஷம் அடிச்சுப்பிடிச்சுக்கிட்டு வர்றாங்க."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

டீச்சர் அவரை உற்றுப் பார்த்தார். "உங்க பொண்ணு பேர் குடுத்ததுல உங்களுக்கு இஷ்டமில்லை. அதுதானே? பயமுறுத்திப் பேரை எடுக்க வைக்கப் பாக்கறீங்க. அதுக்கு என் வகுப்பைத் தர முடியாது சார். வீட்டுலயே பேசுங்க."

"வீட்டுல பேசிட்டேன் டீச்சர். சிரிக்கறாங்க." வாசலை மறித்து நின்றார். "எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியலை. பாதி சொல்லிட்டுப் போயிட்டேன். அந்தப் பாதியைக் கேட்டுட்டுப் புள்ளைங்க கிளம்பிருச்சுங்க. கடையில அரைக்கிலோ குடுத்துட்டு ஒரு கிலோன்னு சொன்னா விடுவீங்களா?"

டீச்சர் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பிறகு, "காலையில முதல் மணி. பேரை அனுப்பறதுக்கு முன்னாடி," என்றார்.

வெள்ளிக்கிழமை வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வகுப்புக்குள் கால் வைத்ததுமே சிரிப்பு கிளம்பிவிட்டது. அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அவரோடு பேசாதவளுக்கும், வகுப்பே சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பில் உதடு கோணியது.

"போன தடவை நான் சொன்னதுல கொஞ்சம் விட்டுப்போச்சு," என்றார். சிரிப்பு. "இது சிரிக்கற விஷயமில்லை." அதற்குப் பெரிய சிரிப்பு. "முட்டை, முட்டை," என்று யாரோ பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவருக்கு வியர்த்தது. மூளை வேறு எதையோ தேடிக்கொண்டிருக்க, வாய் தனக்குத் தெரிந்த தடத்தில் இறங்கி ஓட ஆரம்பித்தது. டப்பாவைத் திறந்தேன். ஜன்னல்ல காக்கா. அது என்னைப் பாக்குது, நான் அதைப் பாக்கறேன். கைகூடத் தானாக ஆடியது. தன் வாயைத் தானே பிடித்து நிறுத்த முடியாத கேவலம். விசிலு, மேல திருட்டு நடந்துபோச்சுடான்னேன், என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே நின்றுவிட்டார். அடுத்தது விசில் பேச வேண்டும்.

அவர் விளையாட்டு காட்டுகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். மொத்த வகுப்பும் சேர்ந்து விசிலின் குரலில் கத்தியது: "கொக்கில மாட்டி இறக்குங்க."

"அவன் அப்படிச் சொல்லலை," என்றார்.

சிரித்தார்கள்.

"அவன் ஒண்ணுமே சொல்லலை. அதுக்கு முன்னாடியே செத்துப்போயிருந்தான்."

யாரோ ஒருத்தி அப்போதும் சிரித்தாள். தனியாக ஒலித்த அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னிக்குக் காத்து. நான் வேண்டாம்னு சொன்னேன். இந்த ஒரு கட்டு மட்டும் தூக்கிரு, அப்புறம் நிறுத்திக்கலாம்னு எஞ்சினியர் சொன்னாரு. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. தூக்கினேன். கட்டு சுத்துச்சு, பெல்ட் நழுவிருச்சு. விசில் ரெண்டு பேரைத் தள்ளிவிட்டுட்டு அவன் நகரலை. மேலேர்ந்து பாத்தா சத்தம்கூட லேட்டாத்தான் வந்துச்சு. கொக்கி தொங்குது, நீ எறங்காதே, அங்கயே இருன்னுட்டாங்க. ரொம்ப நேரம் இருந்தேன். கைக்கு ஏதாவது வேலை குடுக்கணும். டப்பாவைத் திறந்தேன். பசிக்காக இல்லை. அப்பதான் காக்கா வந்துச்சு. அது நெஜம்."

மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டையைத் தூக்கிட்டுப் போனதும், பழக்கதோஷம், பட்டனை அமுக்கி, விசிலு, காக்கா முட்டையைத் தூக்கிட்டுப் போயிருச்சுடான்னு சொல்லிட்டேன். தினம் எதுன்னாலும் அவன்கிட்டத்தானே சொல்வேன். அந்த நேரத்துக்கு எனக்கு மறந்துபோச்சு. வாக்கி டாக்கி அவன் இடுப்புல இருந்துச்சு. நான் பேசினது அவன் இடுப்புலேர்ந்து கேட்டிருக்கு. சுத்தி நின்னவங்க எல்லாரும் தலையைத் தூக்கி மேல பாத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட அதை ஒருத்தரும் கேட்டதில்லை. காத்துமேல பழி போட்டு விசாரணையை முடிச்சாங்க. நான் மறுவாரம் ஏறிட்டேன்."

பேக்கரிக்காரர் மகன்தான் கடைசியில் மெல்லக் கேட்டான்.

"அப்ப இந்த வேலைக்குப் போகலாமா, வேணாமா சார்?"

"தெரியலைப்பா. நல்ல வேலைதான். மேலேர்ந்து பாத்தா விடியறது அவ்வளவு அழகா இருக்கும், அதுவும் பொய்யில்லை. ஆனா கீழ ஒருத்தன் நிப்பான். அதை யாரும் சொல்லாம நீங்க ஏறக்கூடாது."

மகளை அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மிஷின் ஓடவில்லை. மனைவி தைத்த ஒரு காலரை மடியில் போட்டு ஊசியால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"எத்தனை தடவை," என்றாள் மனைவி, தலை நிமிராமல். "வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் காக்கா கதையைச் சொல்லுங்க, சொல்லுங்கன்னு நான்தானே உசுப்பி விட்டேன். என் தம்பி கல்யாணத்துல அத்தனை பேர் நடுவுல சொல்ல வெச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சேனே. ஒரு மனுஷன் செத்ததுக்கு இத்தனை வருஷமா நான் சிரிச்சிருக்கேன். என்னை ஏங்க இப்படிப் பண்ணினீங்க?"

"முதல் நாள் நீங்க ரெண்டு பேரும் சாப்பிடணும்னு சொன்னேன்," என்றார். "அப்புறம், சொல்றப்பெல்லாம் அவன் பேசற மாதிரி இருந்துச்சு. நிறுத்த மனசு வரலை."

அவள் அழுதாள். காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்தது யாரோ ஒரு பிள்ளையின் சீருடை என்று தெரிந்து அதை உதறினாள். அவர் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நகர்ந்து உட்காரவும் இல்லை, சாயவும் இல்லை.

மகள் உள்ளேயிருந்து தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பேக்கரிக்காரர் மகன் பேரை எடுத்துட்டான்," என்றாள். "பாதிக்குமேல எடுத்துட்டாங்க."

"நீ?"

"எடுக்கலை."

"அவ்வளவையும் கேட்டியேம்மா."

"கேட்டேன். சாயங்காலம் வரைக்கும் அங்கயே ஒக்காந்து யோசிச்சேன்ப்பா. அன்னிக்குக் காக்கா கதையைக் கேட்டுட்டுப் பேர் குடுத்தேன், அது தப்பு. இன்னிக்கு அது தெரிஞ்சும் எனக்கு ஏறணும்னுதான் இருக்கு." பரிமாறிக்கொண்டே சொன்னாள். "காத்தடிச்சா நான் தூக்க மாட்டேன். யார் சொன்னாலும்."

"நானும் அப்படிச் சொல்லிட்டுத்தான்மா ஏறினேன்."

அவள் கடைசித் தட்டிலும் சாதத்தைப் போட்டாள். அவரிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. கையிலிருந்ததையெல்லாம் கொட்டியாகிவிட்டது, பிள்ளை அதன்மேல் ஏறி நிற்கிறது.

மூன்று பேரும் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. பிறகு மகள் கேட்டாள்.

"இன்னிக்கு என்ன நடந்துச்சுப்பா?"

பழைய கேள்விதான், கதை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். அவருக்குள் உடனே ஏதோ ஒரு வேடிக்கை எழும்பி நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். கஷ்டமாக இருந்தது.

"லேட்டாத்தான் ஏறினேன். மத்தியானத்துக்கு மேல காத்து. கருவி ரெண்டு தடவை கத்துச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு. இந்த ஒரு சுமை மட்டும்னு எஞ்சினியர் சொன்னாரு."

மனைவி தலை நிமிர்ந்தாள்.

"தூக்கினேன்," என்றார்.

மகள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தாள்.

"கீழ யாரு நின்னாங்க?"

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. புதிதாக வந்தவன், வேலைச் சொல்லைத் தவிர வேறு பேசாதவன். அவன் பேர் அவருக்குத் தெரியவில்லை.